காரணம்: கிரிட்

ஆடி பிறந்து நாலாம் நாள், ராத்திரி இரண்டே கால்.
போன் அடிக்கிறது.
துணைமின் நிலையத்துக் குரல்,
அதற்குப் பின்னால் சென்னைக் குரல்:
"தாணுலிங்கம், முப்பத்தேழையும் நிறுத்தணும்.
லோடு இல்லை."

லோடு இல்லையாம்.
முப்பந்தல் மேட்டில் வந்து ஒரு நிமிஷம் நிற்கச் சொல்லணும் அவர்களை.
மழையையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கமே உதறிவிட்டு
கணவாய் வழியாக வெறுங்கையோடு ஓடி வருகிறது காற்று.
கதவைச் சாத்த இரண்டு ஆள் வேண்டும்.
நான் ஒருத்தன்தான் இருக்கிறேன்.

பொத்தான்களை அமுக்கிக்கொண்டே போகிறேன்.
வெளியே இருட்டில் ஒவ்வொன்றாக
இறகுகள் விளிம்பைத் திருப்பிக்கொள்கின்றன,
கடன் கொடுத்தவனைச் சந்தையில் கண்டதுபோல.
பத்தொன்பதாம் நம்பர் மட்டும் சொன்ன பேச்சு கேட்காது.
எப்போதும் அதற்கு இரண்டு தடவை.

பிறகு புத்தகம்.
நேரம்: 2.22.
காற்று: நொடிக்குப் பதினாறு மீட்டர்.
உற்பத்தி: பூஜ்யம்.
காரணம் என்ற கட்டம் கட்டைவிரல் அகலம்தான்.
'கிரிட்' என்று எழுதினால் நிறைந்துவிடும்.

கடைசிப் பக்கத்தில் பென்சிலால் என் சொந்தக் கணக்கு ஒன்று உண்டு.
முப்பத்தேழு யந்திரம்,
ஒன்றுக்கு இருநூற்று இருபத்தைந்து கிலோவாட்,
மூன்று மணி நேரம் என்று வைத்தால்
இருபத்து நாலாயிரத்துச் சொச்சம் யூனிட்.
என் வீட்டுக்கு இரண்டு மாசத்துக்கு நூற்றெண்பது ஆகும்.
வகுத்துப் பார்த்தேன்: இருபத்து மூன்று வருஷம்.
பிள்ளை கல்யாணம் வரைக்கும் ஃபேன் ஓடும்.
ரப்பரால் அழித்துவிட்டேன்.

ததேயுவிடமிருந்து குரல் செய்தி வந்து கிடந்தது.
கோணம் ஐ.டி.ஐ.யில் ஒரே பெஞ்ச்.
இப்போது வளைகுடாவில், கடலுக்குள் நிற்கும் ஒரு இரும்பு மேடையில்.
"மக்கா, இங்க ராத்திரியே கெடையாது கேட்டியா.
எண்ணெயோட கேறி வருத கேசுக்குக் குழாய் போடல.
போட்டா மொதலாவாதாம். கத்திச்சு விடுதாங்க.
இந்தத் தீயில மணக்குடி மொத்தத்துக்கும் மீன்கறி வைக்கலாம்.
வீட்டுல சிலிண்டருக்குப் புக் பண்ணிப் பதினோரு நாளாச்சு,
இன்னும் வரலையாம்.
நீ என்ன செய்யுத?"

'காத்தை நிப்பாட்டிட்டு இருக்கேன்' என்று அனுப்பினேன்.

உடனே பதில்:
"நெசமாவா லேய்?
அப்ப எங்க அண்ணன் வள்ளத்துக்கும் சேத்து
கொஞ்சம் நிப்பாட்டிக் குடு.
நாலு நாளா கடலுக்குப் போவாம கெடக்கான்."

அதற்கு என்ன எழுதுவது?
எனக்கு நிறுத்தத் தெரிந்ததெல்லாம் மீட்டரை.

மூன்றரைக்கு வீட்டிலிருந்து அவள்.
செண்பகராமன்புதூரில் முருங்கைக் கொம்பு முறிந்து லைனில் கிடக்கிறதாம்,
பதினொன்றரைக்குப் போனது.
கொசு. பிள்ளை ஒரு பொட்டுத் தூங்கவில்லை.
"கரண்டு ஆபீஸ்லதான இருக்கிய, எப்ப வரும்?"
இது அந்த ஆபீஸ் இல்லை என்று
கல்யாணமான நாளிலிருந்து சொல்லி வருகிறேன்.
"கேட்டுச் சொல்லுதேன்" என்றேன்.
மூன்று நம்பர் போட்டுப் பார்த்தேன்.
மூன்றும் பேசிக்கொண்டிருந்தன, வேறு யாருடனோ.

ஐந்து இருபதுக்கு அனுமதி வந்தது. ஓட்டலாமாம்.
காற்று ஆறு மீட்டருக்கு இறங்கியிருந்தது.
ஏழு மணிக்கு முதலாளி ஆபீஸ், கோயம்புத்தூர்.
இங்கே அடிப்பதுதான் அங்கே அவர் ஆலையில் நூலாகிறது,
கணக்கில்.
"ராத்திரி காத்து இல்லைங்களா?"
"இருந்துச்சு சார்."
"அப்புறம் என்னங்க?"
கட்டத்தில் இருந்ததை வாசித்தேன்.

ஷிப்ட் மாற்றிவிட்டு வெளியே வந்தால்
பைக் சாய்ந்து கிடக்கிறது.
மூடி வழியாகப் பெட்ரோல் ஒழுகி
செம்மண்ணில் ஒரு முறம் அகலத்துக்கு ஈரம்.
ஆட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லை.

பங்க் ஆரல்வாய்மொழியில்.
எதிர்க்காற்று.
தள்ளிக்கொண்டு போனேன்.